படமும் பதிவேடும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் மறையூர், காந்தலூர், வட்டவடை, உடும்பன்சோலை, குமுளி முதலிய இடங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் ஆங்காங்கே நடைபெறுகின்றன. வீட்டை ஒட்டிச் சிறு தோட்டமேனும் வைத்திருப்பது இப்பகுதிகளின் வழக்கம். பாலக்காட்டுப் பக்கத்தில் தென்னை, மா, முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி ஆகியவை இத்தோட்டங்களில் நிற்கும். மலைப் பக்கத்தில் ஏலமும் மிளகும் காபியும் பலாவும் நிற்கும். இரண்டிடத்தும் ஒரு மூலையில் துளசியும் வெட்சியும் தவறாமல் இருக்கும். இச்செடிகளைத் தேடி நாள்தோறும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன.

அண்மைக் காலத்தில் இத்தோட்டங்களில் ஒரு புதிய பழக்கம் தோன்றியுள்ளது. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் புகைப்படக்காரராகிவிட்டனர். பூவில் ஒரு வண்ணத்துப்பூச்சி அமர்ந்த மாத்திரத்தில் அதன் படம் எடுக்கப்பட்டு, சற்று நேரத்தில் பல ஊர்களுக்கும் போய்ச் சேருகிறது. இப்பழக்கம் பாராட்டத்தக்கதே. முன்னெல்லாம் பூச்சிகளைப் பற்றிப் படிக்க விரும்பிய மாணவன் அவற்றை வலையிட்டுப் பிடித்துக் கொன்று, ஊசி குத்தி அட்டையில் பதித்து வைப்பதே பாடமுறையாக இருந்தது. இன்று பூச்சிக்கு ஊறு நேராமலே அதன் இறகு வரியையும் காலின் மகரந்தப் பொடியையும் காண முடிகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப்பூச்சி இனங்களுக்குக் காப்பு அளித்திருப்பதை எண்ணும்போது, படம் எடுக்கும் முறையே பள்ளிகளுக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், படங்கள் பெருகிய அளவுக்கு அறிவு பெருகியிருக்கிறதா என்பது சிந்திக்க வேண்டிய வினா. "சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு உங்கள் தோட்டத்தில் தேனீக்கள் குறைந்தனவா, கூடினவா?" என்று கேட்டால், ஆயிரம் படங்கள் எடுத்து வைத்திருப்பவரும் விடை கூற இயலாமல் நிற்பார். காரணம் எளிது. வந்த பூச்சியைப் படம் காட்டும். வராத பூச்சியை அது காட்டாது. வராமையை எழுதி வைப்பதற்குப் பதிவேடு ஒன்றே கருவி. ஆதலால் வீட்டுத் தோட்டத்தில் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அதனுடன் ஒரு பதிவேட்டையும் எழுதிவர வேண்டும். அவ்வழக்கத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு, கிராமந்தோறும் செல்லும் களப் பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரியது.

1991 தந்த பாடம்

பதிவேட்டின் இன்றியமையாமையை உணர்த்த ஒரு பழைய நிகழ்ச்சி போதும். 1991-92-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவின் தேனீக்களிடையே தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் பரவியது. தேனடையில் வளரும் புழுக்களை இந்நோய் தாக்கும். நோயுற்ற புழுவின் உடல் நீர் நிறைந்த பைபோல் ஆகி, அது கூட்டுப்புழுவாக மாறாமலே மடிந்துவிடும். பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தென் மாநிலங்களில் அழிந்தன. தேன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்கள் பல அதனைக் கைவிட்டன.

இவ்விழப்பின் அளவு எவ்வாறு தெரியவந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெட்டித் தேனீக்கு உடைமையாளர் உண்டு. இருபது பெட்டி வைத்திருந்தவர் இரண்டே பெட்டி எஞ்சியதைக் கண்டார். ஆகையால் கணக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் மரப் பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் வாழ்ந்த அதே இனத்துக் காட்டுத் தேனீக்களுக்கு உடைமையாளர் எவரும் இல்லர். அவற்றுள் எத்தனை குடும்பங்கள் மடிந்தன, எத்தனை தப்பின, தோட்டத்துப் பூக்களுக்கு அவை மீண்டும் எந்த ஆண்டில் வரத் தொடங்கின என்பவற்றை ஊர்வாரியாகக் கூறப் பதிவேடு ஏதும் இல்லை. அந்நாளில் ஒவ்வொரு வட்டத்திலும் பத்துப் பள்ளிகளேனும் தங்கள் தோட்டத்துக்கு வந்த தேனீக்களை வாரம் ஒருமுறை எண்ணி எழுதியிருந்தால், அக்கணக்கு இன்று விலைமதிப்பற்ற விஞ்ஞானச் செல்வமாக இருந்திருக்கும்.

தோட்டத்துக்கு வரும் தேனீக்கள்

தேனீ என்றவுடன் ஒரே பூச்சியை எண்ணிக்கொள்வது பலருடைய வழக்கம். பழந்தமிழ்ப் புலவர் தும்பி, சுரும்பு, ஞிமிறு, வண்டு எனப் பல சொற்களை ஆண்டனர். இன்றைய தோட்டத்திலும் பல இனங்களைக் காணலாம்.

உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை அடையைத் தொங்கவிட்டு வாழ்வது மலைத்தேனீ. பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டி, பெட்டியிலும் வளர்க்க ஏற்றது இந்தியத் தேனீ. புதர்க் கிளையில் கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. இது சமவெளித் தோட்டங்களுக்கு உரியது. சுவர் வெடிப்புகளில் குடியிருந்து, கொட்டும் ஆற்றல் இல்லாமல் கொசுவின் அளவே இருப்பது கொசுத்தேனீ. இதனைக் கேரளத்தில் மூங்கில் குழாயிலும் மண் கலயத்திலும் வைத்து வளர்ப்பர். வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட இத்தாலியத் தேனீயும் பெட்டிகளில் வளர்க்கப்படுகிறது.

இவையன்றிக் கூட்டமாக வாழாத தனித் தேனீக்களும் உள்ளன. பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும் பெரிய கருநிறத் தச்சுத் தேனீயை மக்கள் வண்டு என்றே கருதுவர். முருங்கைப் பூவிலும் பாஷன் பழக் கொடியின் பூவிலும் இதனை மிகுதியாகக் காணலாம். ரோஜா இலையை வட்டமாக நறுக்கிச் செல்வது இலைவெட்டித் தேனீ. இலையில் ஓட்டை விழுந்ததைக் கண்டு பூச்சி மருந்து தேடுவோர், நன்மை செய்யும் விருந்தாளியையே கொல்ல முற்படுகின்றனர் என்பதை அறிவதில்லை. வயிற்றில் நீலப் பட்டைகள் மின்ன, துளசியையும் தும்பையையும் சுற்றி விரைந்து திரிவது நீலப்பட்டைத் தேனீ. கத்தரி, தக்காளி ஆகியவற்றின் மகரந்தப் பையில் நுனியில் மட்டும் சிறு துளை உண்டு. இத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்ச்சியால் மகரந்தம் துளை வழியே கொட்டும். பெட்டியில் வளரும் தேனீக்களுக்கு இவ்வாற்றல் இல்லை. ஆகவே கத்தரிப் பாத்தி வைத்திருப்பவர், தேன் தராத இச்சிறு பூச்சிக்கும் கடமைப்பட்டவர் ஆவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தேனீக்களைப் பற்றி அறியவேண்டியவை இன்னும் பல உள. கேரளத்து ஆராய்ச்சியாளர் 2022-ஆம் ஆண்டில் கருநிறத் தேனீ ஒன்றைப் புதிய இனமாக விவரித்து, அதற்கு ஏபிஸ் கரிஞ்ஞொடியன் எனப் பெயரிட்டனர். இந்தியாவிலிருந்து தேனடைத் தேனீ இனம் ஒன்று புதிதாக விவரிக்கப்பட்டது, 1798-இல் பாப்ரீசியஸ் என்பவர் இந்தியத் தேனீக்குப் பெயரிட்ட பின்னர் இதுவே முதன்முறை. அது தனி இனமா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பல்லாண்டுகளாகக் கண்முன் பறந்த பூச்சியைப் பற்றியே இத்தகைய வினா எழக்கூடும் என்பது கவனத்திற்குரியது.

ஏலத் தோட்டத்துக் காலைப் பொழுது

இடுக்கியில் இவ்வினாக்கள் வெறும் அறிவு விருப்பத்தோடு நின்றுவிடுவன அல்ல. குடும்ப வருவாயைத் தொடுவன. ஏலப் பூ விடியற்காலையில் மலர்ந்து ஒரு நாளே நிற்கும். அதன் அமைப்பு காரணமாக மகரந்தம் தானாகச் சூல்முடியைச் சேர்வதில்லை. இந்தியத் தேனீயும் மலைத்தேனீயுமே பெரும்பாலும் அதனைக் கொண்டு சேர்க்கின்றன. மகரந்தம் பெறாத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும்.

ஏலம் மிகுதியாகப் பூக்கும் மாதங்கள் தென்மேற்குப் பருவமழை மாதங்களோடு இணைந்து வருகின்றன. கொட்டும் மழையில் தேனீ வெளிவருவதில்லை. ஆகவே மழை ஓய்ந்த காலைப் பொழுதுகளே தேனீக்கு வேலை நேரம். மருந்து தெளிப்பவருக்கு வசதியான நேரமும் அதுவே ஆகிறது. இலைப்பேனையும் தண்டுத் துளைப்பானையும் கொல்லத் தெளித்த மருந்து, அவ்வேளையில் பூவுக்கு வந்த தேனீயின் மீதும் படுகிறது. காய் பிடிக்கவில்லை என்று வருந்துபவர், பிடிக்காமைக்குத் தாமே காரணமாக இருந்ததை அறியாமற் போகலாம்.

காலையில் தெளித்தலைத் தவிர்த்து, தேனீ நடமாட்டம் ஓய்ந்தபின் தெளிக்க வேண்டும் என்று வேளாண்மை அலுவலர் அறிவுரை கூறுவர். அறிவுரையைக் கேட்டவர் அனைவரும் அதன்படி நடப்பதில்லை. ஒருவருடைய தோட்டத்தில் ஏழு மணி முதல் பதினொரு மணி வரை எத்தனை தேனீக்கள் வந்தன, அடுத்த நாள் எத்தனை வந்தன, தெளித்த நாளுக்கு மறுநாள் எத்தனை வந்தன என்ற எண்களை அவர் கையாலேயே எழுதச் செய்தால், பத்து அறிவுரைகள் செய்யாததை அவ்வெண்கள் செய்யும். பதிவேடு ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. குடியானவருடன் பேசுவதற்கு அது களப் பணியாளரின் கைக்கருவியும் ஆகும்.

வண்ணத்துப்பூச்சியும் அதன் உணவுச் செடியும்

வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுப்போர் பூவின் அருகிலேயே காத்திருப்பர். ஆனால் அப்பூச்சியின் வாழ்க்கையில் பூவைவிட இலையே முதன்மையானது. ஒவ்வோர் இனத்தின் புழுவும் சில குறிப்பிட்ட செடிகளையே உண்டு வளரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காணும் புழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளமையில் அது பறவையின் எச்சம்போல் தோன்றிப் பகையை ஏமாற்றும். வளர்ந்தபின் இலையின் பசுமையைப் பெறும். தீண்டினால் தலைப்புறத்திலிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். அப்புழுவை நசுக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வெட்சிச் செடியின் அருகே காமிராவுடன் நிற்பது பயனற்ற செயல்.

எருக்கு, அரளி, சரக்கொன்றை, ஆமணக்கு ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்குத் தொட்டிலாக அமைகின்றன. இந்தியாவின் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றாகிய, கறுப்பும் பொன்மஞ்சளும் கலந்த இறகுடைய தென்னகப் பறவைச்சிறகு ஈசுவரமூலிக் கொடியில் முட்டையிடும். கேரள அரசு 2018-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த புத்தமயூரி, மலையாளத்தில் முள்ளிலம் என வழங்கும் முள்மரத்தை நாடும். தமிழ்நாடு 2019-இல் தமிழ் மறவனைத் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக ஏற்றது. அரசுகள் சின்னம் அறிவித்தமை நன்றே. ஆயினும் தோட்டத்தின் ஓரத்தில் முளைக்கும் எருக்கையும் ஈசுவரமூலியையும் களையென்று பிடுங்காமல் விட்டுவைப்பது அதனினும் பயன் தரும். அழகுக்காக உன்னிச்செடியை நட்டு வளர்ப்போர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அச்செடி நம் காடுகளில் பரவி நாட்டுச் செடிகளை நெருக்கி வருவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாலக்காட்டுத் தோட்டங்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வெளிர்நீல வரிகளையுடைய வரியன் இனங்களும், பழுப்புக் கறுப்பு நிறமுடைய கருப்பன் இனங்களும் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மலைகளிலிருந்து கிழக்குச் சமவெளிகளை நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி மீண்டும் மலைகளை நோக்கியும் அவை செல்லும் என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அக்கூட்டம் எந்த நாளில் வந்தது, எத்திசையில் சென்றது, எத்தனை நாள் தங்கியது என்பவற்றைக் கணவாயின் இருபுறத்துப் பள்ளிகளும் எழுதி வைப்பின், இப்பயணத்தின் வழியையும் கால அளவையும் தெளிவாக வரையறுக்கலாம். தோட்டத்தில் கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்கியோ இருந்தால் இவ்வினங்களின் ஆண் பூச்சிகள் அவற்றில் மொய்க்கும். அச்செடிகளிலுள்ள ஒருவகை வேதிப் பொருள் அவற்றுக்குத் தேவைப்படுவதே காரணம். எனவே பார்வையிட இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

புகைப்படத்தின் பயனும் எல்லையும்

பதிவேட்டை வற்புறுத்துவதால் படம் வேண்டாம் என்பது பொருளன்று. பதிவேட்டில் எழுதிய பெயர் சரியானதா என்பதைப் பின்னாளில் சோதிக்கப் படமே சான்று. எருக்கில் வளரும் வெந்தய வரியனைப் போலவே தோற்றமளிக்கும் பெண் பூச்சி வேறோர் இனத்தில் உண்டு. கறிவேப்பிலையில் வளரும் அழகியின் பெண் பூச்சிகள் மூன்று வேறு வடிவங்களில் காணப்படும். அவற்றுள் ஒன்றே ஆணை ஒத்தது. ஏனைய இரண்டும் பறவைகள் உண்ண விரும்பாத வேறு இரு இனங்களைப் போல வேடம் பூண்டவை. இத்தகைய இடங்களில் நினைவை நம்பி எழுதுதல் தவறாகும்.

படம் எடுப்பதற்கு உயர்ந்த கருவி தேவையில்லை, பொறுமை தேவை. காலை வெயில் ஏறுமுன் பூச்சிகள் குளிரில் சோம்பியிருக்கும். அப்போது நெருங்குதல் எளிது. நிழல் பூச்சியின் மீது விழாதவாறு தாழ்ந்து, மெல்ல அணுகவேண்டும். வண்ணத்துப்பூச்சியின் இறகை மேற்புறத்திலிருந்து ஒரு படமும், மடித்த நிலையில் கீழ்ப்புறத்திலிருந்து ஒரு படமும் எடுத்தல் நலம். சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளை இறகின் கீழ்ப்புறப் புள்ளிகளைக் கொண்டே பிரித்தறிய முடியும். தேனீயாயின் முகம், இறகு நரம்பு, பின்னங்கால் ஆகிய மூன்றும் தெரியவேண்டும். தேனீ வினாடிக்கு 200 முறைக்கு மேல் சிறகடிப்பதால் பறக்கும்போது எடுத்த படம் மங்கலாகவே இருக்கும். பூவில் அமர்ந்திருக்கையில் எடுப்பதே பயன் தரும். பின்னங்காற் கூடையிலுள்ள மகரந்தத்தின் நிறம் அது முன்னர் எப்பூவில் இருந்தது என்பதற்குத் துப்பாகும். பூவும் இலையும் சேர்ந்த படம் ஒன்றும் உடன் வேண்டும். செடியின் பெயரறியாத குறிப்பு பாதிக் குறிப்பே.

சில செயல்கள் விலக்கத்தக்கன. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து படம் எடுத்தல், இறகைப் பிடித்து நிறுத்துதல், முட்டையுள்ள கிளையை ஒடித்து வெளிச்சத்துக்குக் கொணர்தல் ஆகியவை அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தா. மலைத்தேனீயின் அடைக்கு அருகில் மாணவரை எக்காரணத்தாலும் அழைத்துச் செல்லலாகாது. ஒரு தேனீ கொட்டியவுடன் வெளிப்படும் வாசனை மற்றத் தேனீக்களையும் தாக்கத் தூண்டும் என்பதை ஆசிரியர் முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும்.

படத்துக்கு எல்லையும் உண்டு. சிறிய தனித் தேனீக்கள் பலவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத்தான் இனம் அறிய முடியும். கரிஞ்ஞொடியனையும் இந்தியத் தேனீயையும் கைப்பேசிப் படம் கொண்டு பிரித்துக் கூறுதல் இயலாது. அத்தகைய இடத்தில் "சிறு கருந்தேனீ, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மை. தெரியாததைத் தெரியாதென எழுதிய குறிப்பைப் பின்னர் திருத்தலாம். துணிந்து எழுதிய தவறான பெயரைக் கண்டுபிடித்தலே அரிது.

பதிவேடு எழுதும் முறை

பதிவேடு எளியதாக இருந்தால்தான் நிலைத்து நடக்கும். தோட்டத்தில் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து அதனை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அதே நேரத்தில், பத்து நிமிடம் அங்கு நின்று, வரும் பூச்சிகளை எண்ணி எழுதவேண்டும். நாள், மணி, வானிலை, பூத்திருந்த செடி, பூச்சியின் பெயர் அல்லது அடையாளம், எண்ணிக்கை, எடுத்த படத்தின் எண் என்னும் ஏழு பத்திகள் போதும். எட்டாவதாகக் குறிப்புரைக்கு ஓரிடம் விடலாம். அருகில் மருந்து தெளித்தது, மரம் வெட்டியது, வெள்ளம் புகுந்தது போன்ற செய்திகளை அதில் எழுதலாம். பெயர்களை ஊர் வழக்கிலேயே எழுதுதல் நன்று. நூற்பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. பூச்சி ஒன்றும் வராத நாளில் பக்கத்தை வெறுமையாக விடாமல், "0" என்று எழுதவேண்டும். வெற்றிடம் எண்ணவில்லை என்பதைக் காட்டும். சுழியம் எண்ணியும் இல்லை என்பதைக் காட்டும். முன்னது சோம்பல், பின்னது சான்று. மாணவன் சுழியத்தைக் கண்டு வெட்கப்பட்டு, ஏதோ இரண்டு பூச்சிகளைக் கற்பித்து எழுதிவிடுவதுண்டு. சுழியத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் சொல்லிவைத்தால் இக்குறை நேராது. விஞ்ஞானத்தில் உண்மையுரைத்தல் என்னும் பாடத்தை இதனினும் எளிதாகக் கற்பிக்க வேறு வழியில்லை.

பிற நாட்டு அனுபவம்

பிரிட்டனில் எர்னி பொல்லார்டு என்பவர் வகுத்த முறையில், 1976 முதல் வண்ணத்துப்பூச்சிகள் எண்ணப்பட்டு வருகின்றன. தன்னார்வலர் ஒருவர் ஒரே பாதையில் வாரந்தோறும் நடந்து, குறிப்பிட்ட அகலத்துக்குள் தென்படும் பூச்சிகளை எழுதுவார். அவ்வளவே முறை. அரை நூற்றாண்டு தொடர்ந்து செய்யப்பட்டமையால், எவ்வினம் குறைகிறது, எவ்வினம் வடக்கு நோக்கி நகர்கிறது என்பதை அந்நாட்டவர் உறுதியாகக் கூற முடிகிறது.

ஜெர்மனியில் கிரேபெல்டு நகரப் பூச்சியியற் சங்கத்தினர் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் 63-இல் ஒரே வகைப் பொறி வைத்துப் பறக்கும் பூச்சிகளைச் சேகரித்து நிறுத்து வந்தனர். சங்கத்தினருள் பலர் பொழுதுபோக்காக இவ்வேலையில் ஈடுபட்டவர். அவர்தம் கணக்கைக் கொண்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நூற்றுக்கு 75-க்கு மேல் குறைந்துவிட்டதை வெளிப்படுத்தியது. உலகமே அச்செய்தியைக் கேட்டுத் திடுக்கிட்டது. எடை எழுதி வைக்காமல் அழகிய பூச்சிகளைப் படம் மட்டும் பிடித்திருந்தால் அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1957-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வெளியிட்ட இந்திய வண்ணத்துப்பூச்சி நூலை எழுதிய வின்டர்-பிளைத் தொழிலால் பள்ளி ஆசிரியர். இன்று கேரளத்துப் பள்ளி மாணவர் பலர் சீசன்வாட்ச் திட்டத்தின் கீழ், தம் பள்ளி மரத்தின் தளிரையும் பூவையும் காயையும் வாரந்தோறும் குறித்து வருகின்றனர். மரத்துக்கு இயன்றது மரத்தின் பூவை நாடி வரும் பூச்சிக்கும் இயலும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை மிகுதி என்பது முதல் ஆட்சேபம். இது உண்மையே. ஆனால் வாரத்துக்குப் பத்து நிமிடம் என்பது பெருஞ்சுமையன்று; மாணவரைக் குழுக்களாகப் பிரித்தால் ஆசிரியரின் வேலை மேற்பார்வை அளவில் நின்றுவிடும். விடுமுறைக் காலத்தில் பதிவு தடைப்படும் என்பது இதனினும் வலிய ஆட்சேபம். அதனாலேயே பள்ளித் தோட்டத்தைவிட மாணவரின் வீட்டுத் தோட்டம் சிறந்தது. மாணவன் படிப்பு முடித்துச் சென்றபின் தங்கையோ பாட்டியோ தொடரலாம். எழுதத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தவரே.

பயிற்சியில்லாதவர் எழுதும் கணக்கு விஞ்ஞானத்துக்கு உதவுமா என்பது மற்றோர் ஆட்சேபம். ஒரு குறிப்பில் பிழை இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், பல ஆண்டு எழுதிய நூறு குறிப்புகள் காட்டும் ஏற்ற இறக்கத்தை ஒரு பிழை மறைத்துவிடாது. பெயர் குறித்து ஐயம் எழுந்தால் படம் துணை நிற்கும். படத்துக்கும் பதிவேட்டுக்கும் உள்ள உறவு இதுவே. படமில்லாத பதிவேட்டைச் சோதித்தல் அரிது. பதிவேடில்லாத படத்தைக் கொண்டு கணக்கிடுதல் அரிது.

களப் பணியாளருக்கு ஒரு சொல். ஏலத் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் அவர் செல்லும் நாட்கள் பல. சென்ற இடமெல்லாம் பத்து நிமிடம் எண்ணுவது இயலாது. ஆனால் ஆண்டு முழுதும் ஐந்து தோட்டங்களையேனும் தமக்கென வைத்துக்கொண்டு, அவற்றின் பதிவேட்டைக் குடியானவருடன் அமர்ந்து படித்துப் பார்க்கலாம். தெளிப்பு நேரத்தைப் பற்றிய பேச்சு அப்போது இயல்பாகவே எழும்.

2030-க்கு முன்

2018-ஆம் ஆண்டு இடுக்கி மக்களின் நினைவில் இரு காரணங்களால் நிற்கிறது. ஆகஸ்டு மாதத்தில் பெருமழையும் மண்சரிவும் மலைத் தோட்டங்களை அழித்தன. அதே பருவத்தில் மூணாறு மலைகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி பூத்தது. அவ்வாண்டின் படங்கள் ஏராளமாக உள்ளன. வெள்ளத்துக்குப்பின் தோட்டத்துத் தேனீக்கள் எத்தனை மாதத்தில் மீண்டன? மலை முழுதும் குறிஞ்சி பூத்தபோது அவை வீட்டுத் தோட்டங்களை விட்டு மேலே சென்றனவா, அல்லது எப்போதும்போல் துளசிக்கும் ஏலத்துக்கும் வந்தனவா? இவ்வினாக்களுக்கு அப்படங்களில் விடை இல்லை.

குறிஞ்சி மீண்டும் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அவ்வாண்டில் காமிராக்களுக்குக் குறைவு இராது. வட்டவடையிலும் காந்தலூரிலும் மறையூரிலும், கணவாய்ப் பக்கத்துச் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், அதற்கு முந்திய ஆண்டுகளின் பதிவேடுகள் எத்தனை வீடுகளில் இருக்கும் என்பதே கேள்வி. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கிய மரபுக்கு, தோட்டத்துக்கு வரும் பூச்சிகளை எண்ணி எழுதுவது புதிய தொழிலன்று. ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் வாங்கி, வரும் வாரமே முதல் வரியை எழுதத் தொடங்கலாம். அன்று ஒரு பூச்சியும் வராவிட்டாலும் முதல் வரி முதல் வரியே.